இசைத்தட்டில் அப்பா

நோட்டோ, கமினோஹாமா
1973 ஜூன் 14

ரியோஜுனுக்கு,

மழை தொடங்கிவிட்டது. மண்டபத்துப் பாய்களில் பூசணம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்டாயிற்று.

அப்பாவுக்கு வலது பக்கம் இன்னும் அசையவில்லை. பேச்சும் இல்லை. மே ஒன்பதாம் தேதி விழுந்தவர். இன்றோடு முப்பத்தாறு நாள். பேச்சு திரும்பும் என்று சொல்வதை டாக்டர் நிறுத்திவிட்டார். அம்மா கஞ்சி ஊட்டுகிறாள். "தட்டு வேலை முடிந்ததும் வருகிறேன்" என்று நீ தந்தி அடித்தாய். வேலை முடிந்து இசைத்தட்டு கடைக்கே வந்துவிட்டது. நீ வரவில்லை.

நேற்று கினு அம்மா வீட்டில் மாதத் திதி. அப்பா விழுந்ததிலிருந்து அறுபத்து மூன்று வீடுகளுக்கும் நான்தான் ஸ்கூட்டரில் போய் ஓதுகிறேன். நனைந்த அங்கியோடு வாசலில் நின்றேன். கினு அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"இந்த மாசம் வேணாம்மா. பெரியவரே வந்துட்டாரு."

உள்ளே போனேன். பூஜை மாடத்துக்கு முன்னால் ஒரு ரெக்கார்டு பிளேயர். அதற்கு முன்னால் தேநீர், இரண்டு மோச்சி அரிசி உருண்டை. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா ஓதிக்கொண்டிருந்தார்.

நானும் குனிந்து கும்பிட்டேன். முப்பத்தைந்து நாளாக அந்தக் குரலைக் கேட்கவில்லை. இதை நானே எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு நீ சிரிக்க வேண்டாம்.

நான்கு நிமிடத்தில் உன் ஆர்கன் வந்தது. கினு அம்மா எழுந்து ஊசியைத் தூக்கிவிட்டார்.

"இதுக்கு மேல உன் தம்பி என்னத்தையோ போட்டுத் தட்டுறான். எங்க வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது."

"அவரு போயி ஒம்போது வருஷமாச்சேம்மா."

"இருந்தப்பவே பிடிக்காது."

உறையின் பின்பக்கத்தைக் காட்டினார். "ஓதல்: ஜோகென்-ஜி கோயில் தலைமைக் குரு."

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். நவம்பர் 20 அன்று கோயில் பொறுப்பாளர்கள் ஏழு பேரும் கூடுகிறார்கள். அப்பாவின் இடத்துக்கு நானா, அடுத்த விரிகுடாக் கோயிலின் இரண்டாவது மகனா என்று அன்று முடிவு. அவன் வந்தால் இந்த வீடு அவனுக்கு. கோயில் வீடு குருவுக்குத்தான். அசைய முடியாதவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று அம்மா கேட்கிறாள். நான் கியோட்டோவில் தேர்வெழுதிப் பட்டம் வாங்கியவள். தலைமை மடம் பெண் என்று பார்க்கவில்லை, ஊர் பார்க்கிறது. என் குரலுக்கு அவர்கள் காதைப் பழக்க எனக்கு ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் நீ அப்பாவைக் கடையில் வைத்துவிட்டாய்.

தட்டைத் திரும்பப் பெறச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

இகுயோ

*

டோக்கியோ
ஜூன் 30

அக்காவுக்கு,

இங்கேயும் மழைதான். நான் நலம். நீ கேட்ட விதத்துக்கு அதுவே அதிகம். அப்பா, அம்மா இருவருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

தட்டைத் திரும்பப் பெற முடியாது. அது கடன் வாங்கிய குடையல்ல. ஆறாயிரம் வீடுகளுக்குப் போய்விட்டது. உன் அறுபத்து மூன்று வீடுகளையும் சேர்த்தா என்று எனக்குத் தெரியாது.

நீ என்னைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை, ஆனாலும் சொல்கிறேன். பதினெட்டு வயதில் என்னைக் குருவாக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினீர்கள். இரண்டாம் வருடம் அமெரிக்க முகாம் மதுக்கூடத்தில் ஒருவன் ஆர்கன் வாசிப்பதைக் கேட்டேன். மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. எட்டு வருடம். முதலில் மற்றவர்களின் பாட்டு, பிறகு என் பாட்டு. 'ஈரக் கயிறு' என்று குழுவுக்குப் பெயர் வைத்தவன் நான். எல்லாப் பாட்டும் நான் எழுதியது. நடுவில் நிற்பவன் தொமோஹிசா. திறந்த மார்பு, வெள்ளைச் சட்டை. நான் ஓரத்தில், பக்கவாட்டில். கூட்டத்துக்கு என் இடது காது மட்டும் தெரியும்.

ஆர்கன் நூற்றுத் தொண்ணூறு கிலோ. மாடிப்படி ஏற்ற நாலு பேர் வேண்டும். இரண்டு பேர் வருவார்கள். அதில் ஒருவன் நான்.

"டேய் மொட்டை, விட்றாதடா! விட்டா ரெண்டு பேரும் காலி!"

என் முடி தோளைத் தொடுகிறது. கோயில் வீட்டுப் பையன் என்பதால் மொட்டை. எட்டு வருடமாக அதுதான் பெயர்.

இந்தத் தட்டு வந்த பிறகு வேறு குழுக்காரர்கள் என் பெயரைக் கேட்கிறார்கள். என் உண்மையான பெயரை. இதை நிறுத்தச் சொல்கிறாய்.

வசந்தகால நீத்தார் வாரத்தில் நான் வந்தபோது பதிவு செய்ததுதான். ஒளித்து ஒன்றும் செய்யவில்லை. நீ ஓதி ஒருவரும் கேட்கவில்லையென்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

வெயில் காலம் வருகிறது. ஸ்கூட்டரில் தொப்பி போட்டுக்கொண்டு போ.

ஜுன்

*

கமினோஹாமா
ஜூலை 22

ரியோஜுனுக்கு,

கடும் வெயில். அப்பாவுக்கு முதுகில் புண் வந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நானும் அம்மாவும் புரட்டிப் படுக்கவைக்கிறோம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இதுவரை பதினொரு வீடுகள் தட்டுக்கு மாறிவிட்டன. ரயிலடிக் கடைக்காரர் தட்டு தீர்ந்து மறுபடி வரவழைத்திருக்கிறார். மீனவர் தெருவில் நான்கு வீட்டுக்கு ஒரு தட்டு. முறை வைத்துக் கைமாற்றிக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில், வந்ததற்கு உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போ என்றார்கள். அங்கியோடு மண்டியிட்டு, என் வேலையை ஒரு பெட்டி செய்வதைக் கேட்டேன்.

தகமுரா வந்திருந்தார். பொறுப்பாளர்களின் தலைவர், சோயா சாஸ் ஆலைக்காரர். அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பேசினார், அப்பாவுக்குக் காதும் போய்விட்டதுபோல.

"தப்பா நெனைக்காதம்மா. நீ ஓதறப்ப, ரேடியோல யாரோ சமையல் குறிப்பு சொல்ற மாதிரி இருக்கு. பெரியவரு குரல் அடிவயித்துல போய் உக்காருதுல்ல?"

"அடிவயித்துல உக்கார்றதுக்கா ஓதறோம், ஐயா?"

"பாத்தியா, இப்படி எதுத்துப் பேசற. பெரியவரு பேச மாட்டாரு."

"இப்ப பேசவே மாட்டாருதான்."

அவர் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார்.

உன்னிடம் ஒரு கேள்வி. நீத்தார் வாரத்தில் எந்த நாள் பதிவு செய்தாய்? மார்ச் பத்தொன்பதாம் தேதியிலிருந்து அப்பாவுக்குக் காய்ச்சல். மருந்துச் சீட்டு என்னிடம் இருக்கிறது. நீ வந்தது இருபது, போனது இருபத்திரண்டு. காய்ச்சலில் கிடந்தவரை எழுப்பி உட்காரவைத்து ஓதச் சொன்னாயா? தட்டில் அப்பா இவ்வளவு மெதுவாக ஓதுகிறாரே, அதனால்தானா?

பதில் எழுது. அம்மா உன் ஆரோக்கியத்துக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லச் சொன்னாள்.

இகுயோ

*

அஞ்சலட்டை
ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

வெயிலில் எல்லோரும் நலம்தானே. ஊர் ஊராகப் போகிறோம், நேரமில்லை. நேற்று மலையடிவாரத்தில் திறந்தவெளி நிகழ்ச்சி. எட்டாயிரம் பேர். நாடாவில் அந்தக் குரல் தொடங்கியதும் எட்டாயிரம் பேரும் வாய் மூடினார்கள். தவளைச் சத்தம் கேட்டது. பிறகு நான் வாசித்தேன். ஏழு நிமிடம், என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல ஏழு நிமிடம். சிகரெட் பற்றவைத்தார்கள். தர்பூசணி வாங்கப் போனார்கள். உன் கினு அம்மா ஒருத்தி இல்லை, ஊரெல்லாம் இருக்கிறாள்.

அப்பாவைப் பார்த்துக்கொள்.

ஜுன்

*

கமினோஹாமா
செப்டம்பர் 6

ரியோஜுனுக்கு,

நலம் விசாரிப்பதை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன்.

நேற்று கோயில் மழலைப் பள்ளியில் குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு, கினு அம்மா தன் தட்டைக் கொண்டுவந்தார். கீறல் விழுந்துவிட்டதாம், இங்கே பெரிய பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டுமாம். போட்டேன். காலையில் குழந்தைகள் உடற்பயிற்சிக்குச் சின்னத் தட்டு போட்டிருந்தார்கள். வேகத்துக்கான குமிழ் நாற்பத்தைந்திலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை. உன் தட்டு முப்பத்து மூன்றில் சுற்ற வேண்டியது.

வேகம் கூடினால் சுருதி ஏறும். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அப்பாவின் குரல் ஏறியது. ஏறி, நான் தினமும் காலையில் என் தொண்டையில் கேட்கிற குரலாக நின்றது.

கினு அம்மா சிரித்தார். "ஐயோ, பெரியவரு பொம்பள மாதிரி கத்துறாரு! மாத்தும்மா மாத்து!"

மாற்றினேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் நாற்பத்தைந்தில் வைத்துக் கேட்டேன். மூன்றாவது அடியின் நடுவில் மூச்சு வாங்குகிறது. அப்பா அங்கே வாங்க மாட்டார். அவருக்கு மூச்சு நீளம். நான்தான் வாங்குவேன்.

மார்ச் 21. அப்பா காய்ச்சலில் கிடந்தார். காலைப் பூஜையை நான் நடத்தினேன். மண்டபத் தூணுக்குப் பின்னால் நீ நாடாப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாய். என்ன என்று கேட்டேன். "மணிச் சத்தம் எடுக்கறேன்க்கா, நீ பாட்டுக்கு ஓது" என்றாய்.

நான் பாட்டுக்கு ஓதினேன்.

மூன்று மாதமாக என் குரலை வைத்து என்னையே வாசலில் நிறுத்தியிருக்கிறாய். இன்றைக்கு இருபத்து நான்கு வீடுகள், ரியோஜுன். என் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காக என்னை வேண்டாம் என்கிறார்கள்.

ஒரு கடிதம் எழுது. அந்தக் குரல் என் அக்காவுடையது, வேகத்தைக் குறைத்தவன் நான், உறையில் இருப்பது பொய் என்று மூன்று வரி. கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து அனுப்பு. நவம்பர் 20 அன்று ஏழு பேருக்கும் படித்துக் காட்டுவேன்.

இகுயோ

*

கமினோஹாமா
அக்டோபர் 4

ரியோஜுனுக்கு,

இலையுதிர்காலம் வந்துவிட்டது. நான்கு வாரம் ஆயிற்று. கடிதம் தொலைந்திருக்கும் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். அப்பாவின் புண் ஆறிவருகிறது. முப்பத்தொரு வீடுகள்.

மூன்று வரி கேட்டேன். இரண்டு போதும்.

இகுயோ

*

டோக்கியோ
அக்டோபர் 19

அக்காவுக்கு,

காற்று தெளிந்திருக்கிறது என்று எழுதுகிற காலம். எழுதிவிட்டேன். உன் தொண்டை நலமா?

ஆமாம், நீதான்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். மன்னிப்புக் கேட்க அல்ல. மணிச் சத்தத்துக்குத்தான் வந்தேன். டோக்கியோ திரும்பி நாடாவைக் கேட்டபோது மணி நன்றாக இல்லை, நீ நன்றாக இருந்தாய். ஆனால் என் பாட்டு கீழே இருந்தது, நீ மேலே. ஐந்து படி வித்தியாசம். பாட்டை உனக்கு ஏற்றினால் தொமோஹிசாவால் பாட முடியாது. அதனால் நாடாவின் வேகத்தைக் குறைத்து உன்னை இறக்கினேன். பதிவுக்கூடத்தில் போட்டுக் காட்டினேன். கம்பெனி ஆள் நிஷிவகி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யாருய்யா இந்தச் சாமியாரு?"

ஒரு நொடிதான். அக்கா என்று சொல்லியிருக்கலாம். "எங்கப்பா" என்றேன்.

ஏன் என்று கேட்பாய். எட்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் எனக்காக எழுந்து நின்றார். அவரை மறுபடியும் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு அது உறையில் அச்சானது. பிறகு அப்பா விழுந்தார். நிஷிவகி அதையும் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். 'பேச்சிழந்த குருவின் கடைசி ஓதல்.' இன்னும் பதினாலாயிரம் வீடுகள்.

கடிதம் தர மாட்டேன். தந்தால் கம்பெனி தட்டைத் திரும்பப் பெறும், குழு என்னை வெளியே தள்ளும். அவ்வளவுதான் என் தொழில்.

இன்னொன்று. பத்தாம் தேதி தகமுரா இங்கே வந்தார், ஒப்பனை அறைக்கே. ஒரு ஜாடி சோயாவோடு. தொமோஹிசா அவரைப் பார்த்து, "டேய் மொட்டை, உங்க ஊரு போலீஸ் வந்துருக்கு" என்றான்.

"தம்பி, முடிய வெட்டிட்டு வந்துடுப்பா" என்றார் தகமுரா. "ஒம்போது வயசுலயே உனக்குத் தீட்சை ஆயிடுச்சு. பேரு இன்னும் மடத்துப் பதிவுல இருக்கு. அப்பா குரல் உன் தொண்டையிலயும் இருக்குமில்ல?"

"இருந்தா?"

"இருந்தா நவம்பர்ல கூட்டமே வேணாம்."

நான் இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. நினைவில் வைத்துக்கொள்.

கடைசியாக ஒன்று. உன்னை உன் வேகத்தில் கேட்டவர்கள் கதவைச் சாத்தினார்கள். என் வேகத்தில் கேட்டவர்கள் அழுதார்கள். அப்படியானால் அழவைத்தது யார்?

சளி பிடிக்காமல் இரு.

ஜுன்

*

கமினோஹாமா
நவம்பர் 3

ரியோஜுனுக்கு,

கடல் கறுத்துவிட்டது. நாங்கள் நலம்.

வா. வந்து குருவாக இரு. ஜனவரியில் உறைபனியில் ஸ்கூட்டர் ஓட்டி ஒரு காலைக்கு ஆறு வீடு. சாவு விழுந்தால் எந்த நேரமானாலும் எழுந்து போக வேண்டும். அப்பாவின் மலத்துணியைத் துவைக்க வேண்டும். குருவாக இருப்பதால் அது குறைவதில்லை. வருடம் முழுக்க ஒருவரும் கைதட்ட மாட்டார்கள். நீ பனி விழும்வரைகூட இருக்க மாட்டாய். அதற்குள் நாங்கள் வீட்டைக் காலி செய்திருப்போம். அதனால் சும்மா மிரட்டாதே; வருவதானால் வா.

உன் கடிதம் எனக்கு வேண்டாம். மழலைப் பள்ளி பிளேயர் இருக்கிறது, கினு அம்மாவின் தட்டு இருக்கிறது, அந்தக் குமிழ் இருக்கிறது. அழவைத்தது யார் என்று இருபதாம் தேதி தெரிந்துவிடும்.

குளிருக்கு எதையாவது போர்த்திக்கொள்.

இகுயோ

*

டோக்கியோ
நவம்பர் 15

அக்கா,

எல்லோரும் நலமா. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கூட்டத்தில் தட்டைப் போடாதே. டிசம்பரில் அடுத்த தட்டின் பதிவு. அது முடிந்த பிறகு என்ன வேண்டுமானாலும் செய். தகமுராவுக்கு நேற்று எழுதிவிட்டேன், வர மாட்டேன் என்று. உனக்காக எழுதினேன் என்று நினைக்காதே. ஆனால் எழுதிவிட்டேன், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்.

நிஷிவகி அடுத்த தட்டிலும் குரல் வேண்டும் என்கிறார். "ஆர்கன் எவன் வேணா வாசிப்பான் தம்பி. பெரியவரோட பழைய நாடா இன்னும் ரெண்டு கெடைக்குமா பாரு." என்னிடம் இல்லை. உன் வேறு எந்த நாடாவும் என்னிடம் இல்லை.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். மழலைப் பள்ளியில் ஒரு நாடாப் பெட்டி இருக்கிறதே. ஒரு காலைப் பூஜை. இருபது நிமிடம். பதிவுத் தபாலில் அனுப்பு. இந்த முறை உறையில் பெயர் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னால்தான் எனக்கு வேலை போகிறது என்று நான் பிறகு சொல்லும்படி செய்யாதே.

ஜுன்

*

கமினோஹாமா
நவம்பர் 24

ரியோஜுனுக்கு,

முதல் பனி விழுந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம். உன் உடம்பு எப்படி?

நாடா அனுப்ப மாட்டேன்.

இருபதாம் தேதி மண்டபத்தில் ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். கினு அம்மா தேநீர் ஊற்ற வந்திருந்தார். நான் தட்டை எடுத்துவைக்க வேண்டியிருக்கவில்லை. தகமுராவே கக்கத்தில் ஒன்று கொண்டுவந்திருந்தார். நீ எழுதியதில் அவருக்குக் கோபம்.

"மகன் வரலைன்னுட்டான். சரி. அந்த எடத்துக்கு எப்படிப்பட்ட ஆளு வேணும்னு எல்லாருக்கும் ஒருதரம் ஞாபகப்படுத்துறேன்" என்று, நான் மழலைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பிளேயரில் போட்டார். ஏழு தலைகளும் குனிந்தன. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பு முடியும்வரை காத்திருந்தேன். பிறகு கை நீட்டிக் குமிழைத் திருப்பினேன்.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார் தகமுரா.

 தட்டோடு சேர்ந்து ஓதினேன். ஒரே சுருதி, ஒரே இடத்தில் மூச்சு. மூன்றாவது அடி, நான்காவது அடி. எது பெட்டி, எது நான் என்று எனக்கே தெரியவில்லை. 

முதலில் வாய் திறந்தவர் கினு அம்மா. தேநீர்க் கெண்டியைத் தரையில் வைத்தார்.

"அப்ப அஞ்சு மாசமா நான் உன்னையா கும்பிட்டேன்? அடிப்பாவி! வாசல்ல நின்னப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"எனக்கே தெரியாதும்மா."

"தன் கொரல் தனக்கே தெரியாதாமா! அந்தப் பய செஞ்ச வேலையா? அவன் இங்க வரட்டும், அந்த ஆர்கன அவன் தலையிலயே போடறேன்."

ஓட்டு நான்குக்கு மூன்று. எனக்கு நான்கு. தகமுரா மூன்றில் இருந்தார். செருப்பு மாட்டும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சரி. ஆனா கொஞ்சம் கீழ எறக்கி ஓதினா நல்லாருக்கும்."

"என்னால முடியாதுங்க. இதுதான் என் குரல்."

"முயற்சி பண்ணிப் பாரேன்."

"மாட்டேன்."

இனி வீடு எங்களுடையது. நான் வென்றேன், நீ திருடியதை வைத்து. உன் பொய் இல்லாவிட்டால் அந்த நான்கு பேர் என்னை ஒருநாளும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். இதை எழுதக் கை வரவில்லை, எழுதுகிறேன். இதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று காத்திருக்காதே. இதற்காகத்தான் உன்னை மன்னிக்கப் போவதில்லை.

பத்திரிகைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஏழு பேருக்கும் மனைவிகள் இருக்கிறார்கள், கினு அம்மாவுக்கு வாய் இருக்கிறது. டிசம்பருக்கு முன் உன் நிஷிவகிக்குத் தெரிந்துவிடும். நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. சொல்ல மாட்டாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்கு நாள் நினைத்தேன்.

அந்தக் களேபரத்தில் ஊசியைத் தூக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். கினு அம்மா கத்துகிறார், தகமுரா கத்துகிறார், தட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓதல் முடிந்து உன் பகுதி வந்தது. நான் அதுவரை அதைக் கேட்டதே இல்லை. தவறான வேகத்தில், பொம்மைக்கடை இசைபோல, ஏழு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடமாக ஓடியது.

அப்பாவைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, எல்லாவற்றையும் கேட்டிருப்பார். கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருடைய இடது கை போர்வையின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான்கு விரல்களால். நீ தாளத்தை மாற்றுகிற இடம் ஒன்று வருகிறது; கை தடுமாறியது, ஒரு சுற்று விட்டுப் பிடித்துக்கொண்டது. முடிகிறவரை தட்டினார்.

மே மாதத்திலிருந்து தினமும் காலையில் அந்த அறைக்கு வெளியேதான் ஓதுகிறேன். எனக்கு அவர் ஒருநாளும் தட்டியதில்லை.

அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. உன்னிடமும் இனிச் சொல்ல மாட்டேன். பதில் எழுதாதே.

நாளை ஏழு வீடுகள். சாலை உறைந்திருக்கிறது, ஸ்கூட்டர் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட வேண்டும்.

இகுயோ